இடுப்பு வலிக்குக் கப்பிங்: வைக்கலாமா என்பதிலிருந்து, எடுத்த பிறகு என்ன செய்வது என்பது வரை

கிண்ணம் போன்ற கப்பைத் தோலில் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத் தோலை இழுக்க வைப்பதுதான் கப்பிங். இடுப்பில் முதல் தடவை அப்படிக் கப் வைத்துக்கொண்ட அன்று மாலை நான் நின்றபடியே குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். அதற்கு முன் மூன்று மாதமாக, உட்கார்ந்து ஒரு காலை இன்னொரு கால் மேல் தூக்கிப் போட்டுத்தான் மாட்ட முடிந்தது. அந்தச் சுகம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பழைய இறுக்கம் திரும்பிவிட்டது. மறுபடி போனேன், மறுபடி இரண்டு நாள். இப்படி நாலைந்து தடவை ஆன பிறகுதான் உறைத்தது: கப் எனக்குத் தருவது அந்த இரண்டு நாளை மட்டும்தான். அந்த இரண்டு நாளையும் நான் "நல்லா ஓய்வு எடுப்போம்" என்று படுத்தே கழித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கப்பை எப்படி வைப்பது என்பதோடு நிறுத்தாமல், வைக்கலாமா வேண்டாமா என்பதில் தொடங்கி, எடுத்த பிறகு கிடைக்கும் இளக்கத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது வரை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பல வருடம் இடுப்பு வலியோடு வாழ்ந்து, பிசியோதெரபிஸ்ட்களிடம் கேட்டும் ஆய்வுகளைத் தேடிப் படித்தும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். அவசரமாக இருந்தாலும் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், ஆபத்தானவை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கப்பைத் தொடும் முன்: இது எந்த மாதிரி வலி?

உலகத்தில் மிக அதிகமான பேரை முடக்கிப் போடும் தொல்லை இடுப்பு வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இது இருந்தது, 2050இல் 84 கோடியைத் தாண்டும் என்கிறார்கள். இதில் பத்தில் ஒன்பது பேருக்கு, வலிக்கு இதுதான் காரணம் என்று ஸ்கேனில் விரல் வைத்துக் காட்ட முடியாது. தசை, மூட்டு, நரம்பின் கூருணர்வு, தூக்கக் குறைவு, மனஅழுத்தம் என்று பலதும் கலந்து வரும் வலி அது. கப்பிங் என்ற பேச்சே இந்த வகை வலிக்குத்தான். மீதிச் சிலருக்கு உள்ளே வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கும். அவர்கள் கப் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கடத்தினால், அந்த ஒரு வாரத்தை எதைக் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

முக்கியமானது இது. சைக்கிள் சீட் படுகிற இடம் இருக்கிறதே, தொடையின் உட்புறம், பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி, அங்கே மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமலே போய்விட்டால், மலத்தை அடக்க முடியாமல் போனால், இரண்டு காலும் பலமிழந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். தண்டுவடத்தின் அடியில் குதிரை வால் போலப் பிரிந்து இறங்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி அது, தாமதம் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

அந்த அளவு அவசரம் இல்லையென்றாலும், கப்புக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கும் ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் திடீரென வந்த வலி, எப்படிப் படுத்தாலும் குறையாமல் ராத்திரி முழுக்க இருக்கும் வலி. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாக அலை அலையாக வந்து, சிறுநீர் எரிச்சலும் சேர்ந்தால் அது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து ஏமாறுவது இங்கே ரொம்பச் சகஜம்.

முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வது மாதிரி இறங்கும் வலி இருந்தால் அது நரம்பு வலி, சயாட்டிகா என்பார்கள். கப் இழுப்பது தோலையும் அதற்குக் கீழே இருக்கும் அடுக்குகளையும்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் அதைவிட மிக ஆழத்தில், தடித்த தசைக்கும் எலும்புக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பிதுங்கிய டிஸ்க்கைக் கப் பழைய இடத்துக்கே இழுத்துக் கொண்டுவந்துவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், உடற்கூறே தெரியாதவர் அவர். பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் இழுபட்டால் அதையும் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

யாருக்கு வேண்டாம்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறைவதில் பிறவிக் குறை உள்ளவர்கள், தட்டணுக்கள் குறைந்தவர்கள் கப்பிங்கை மறந்துவிடுங்கள். கப் செய்வதே சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை உடைப்பதுதான், உங்களுக்கு அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. தினமும் ஆஸ்பிரின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே யோசியுங்கள், கப்புக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் இடுப்பிலும் வயிற்றிலும் வைக்க வேண்டாம். ரத்தசோகை அதிகமாக உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள், காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், காகிதம் போல் தோல் மெலிந்த முதியவர்கள், குழந்தைகள், இவர்களுக்கும் வேண்டாம்.

தோல் விஷயத்தில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு, தோலில் எங்கே காயமோ உரசலோ படுகிறதோ அங்கேயே புதிதாகச் செதில் படையலாம், வட்டமான கப் பட்ட இடத்தில் வட்டமாகவே வரக்கூடும். எக்சிமாவும் கப்பால் மோசமாகலாம். காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் ரத்தம் எடுக்கும் கப்பிங் பக்கமே போகாதீர்கள். நீரிழிவு முற்றி உணர்ச்சி மரத்திருப்பவர்களுக்குக் கப் இறுக்குவதே தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கப் உண்மையில் என்ன செய்கிறது

கப்புக்குள் காற்றழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் அழுத்தம் தோலை உள்ளே தள்ளுகிறது. மசாஜில் தசையைக் கீழ்நோக்கி அழுத்துகிறோம், இங்கே மேல்நோக்கி இழுபடுகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து வந்து சூடு பரவும், இறுக்கமான இடம் இளகியது போல இருக்கும். தோலில் உள்ள உணர்வு நரம்புகள் பலமாகத் தூண்டப்படும்போது, கொஞ்ச நேரத்துக்கு வலிச் செய்தி பின்னுக்குப் போய்விடும் என்பது ஒரு விளக்கம். அடிபட்ட இடத்தை நம்மை அறியாமல் தேய்த்துக்கொள்கிறோமே, அதே சங்கதி.

அந்த வட்டக் கறை? அது ரத்தக்கட்டு. நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து தோலுக்குள் கசிந்த ரத்தம். எங்கேயாவது இடித்துக்கொண்டால் வருவது போலவே முதலில் சிவப்பு, பிறகு ஊதா, ரத்த நிறமி சிதையச் சிதையப் பச்சை, மஞ்சள் என்று மாறி, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில் மறையும். "கறுப்பாக வந்திருக்கிறது பாருங்கள், உள்ளே அவ்வளவு நச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். கறை எவ்வளவு கறுப்பு என்பது, எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் உறிஞ்சினார்கள், உங்கள் தோலின் ரத்தக் குழாய்கள் எவ்வளவு மென்மையானவை என்பதைப் பொறுத்தது. உடம்பின் கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன, முதுகுத் தோல் செய்வதில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கறை கறுத்தால்தான் பலன் என்று நம்புகிறவர்கள்தான் இன்னும் இறுக்கு, இன்னும் கொஞ்ச நேரம் வை என்று கேட்டுக் கொப்புளத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

பலன் உண்டா? ஆய்வுகள் சொல்வது

பழைய மருத்துவம் என்பதில் சந்தேகமே இல்லை. பழைய எகிப்திலும் கிரேக்கத்திலும் இருந்தது, சீனத்தில் 4ஆம் நூற்றாண்டிலேயே கோ ஹாங் என்பவர் விலங்குக் கொம்பைக் கொண்டு சீழ் உறிஞ்சுவதை எழுதி வைத்தார், அரபு மரபில் ஹிஜாமா என்ற பெயரில் இன்றுவரை தொடர்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இருந்த வட்டங்களைப் பார்த்துத்தான் உலகம் மறுபடி இதன் பக்கம் திரும்பியது. ஆனால் பழையது என்பதும் பிரபலமானவர் செய்தார் என்பதும் பலனுக்குச் சான்று ஆகாது.

கப்பிங்கை ஆராய்வது கஷ்டம். மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம், கப்புக்கு என்ன செய்வது? சின்ன ஓட்டை போட்ட கப்பை வைப்பார்கள். வைத்ததும் பிடிக்கும், சில நொடியில் காற்று புகுந்து உறிஞ்சல் போய்விடும், படுத்திருப்பவருக்கு எது உண்மைக் கப் என்று எளிதில் தெரியாது. பிரேசிலில் இப்படி ஒரு சோதனை செய்து 2021இல் வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 90 பேர், வாரம் ஒரு தடவை, எட்டு வாரம். உண்மைக் கப் வைத்தவர்களுக்கும் ஓட்டைக் கப் வைத்தவர்களுக்கும் வலி குறைந்ததில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம், ஒன்றும் செய்யாதவர்களோடும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களோடும் ஒப்பிட்ட சில ஆய்வுகளில் கப் வைத்தவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்கு வலி குறைந்திருக்கிறது, ஆனால் அவற்றில் பலதும் சிறியவை, தரமும் அவ்வளவு போதாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். ஒருவர் அக்கறையோடு முதுகைத் தொட்டுப் பார்ப்பது, அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, இவற்றுக்கும் வலியைக் குறைக்கும் சக்தி உண்டு. அப்புறம், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எதையாவது தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் போன வலி எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், புதிதாக வந்த பிடிப்பு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும், பெயர் மட்டும் கப்புக்குப் போகும். இதற்காக எனக்குக் கிடைத்த இரண்டு நாள் சுகம் பொய் என்று நான் நினைக்கவில்லை. குனிந்தேன், நடந்தேன், தூங்கினேன். அதைக் குணம் என்று நினைத்ததுதான் என் தவறு.

எந்த வகை, எந்தக் கப்

கப்பை வைத்து அப்படியே விட்டுவிடுவது உலர் கப்பிங். எண்ணெய் தடவி, லேசாக உறிஞ்ச வைத்து, முதுகில் மேலும் கீழும் நகர்த்துவது நகரும் கப்பிங், மசாஜுக்கு நெருங்கிய உறவு, எனக்கு இதுதான் பிடித்தது. தோலில் மேலாகக் கீறி ரத்தம் எடுப்பது ஈரக் கப்பிங், ஹிஜாமா என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கண்ணாடிக் கப்புக்குள் சாராயத்தில் நனைத்த பஞ்சை எரியவிட்டு எடுத்து வைப்பதை வீட்டில் செய்யாதீர்கள். கப்பிங்கில் வரும் தீக்காயங்களுக்கு இந்த முறைதான் பெரிய காரணம், ஒரு துளி சொட்டினால் போதும். வீட்டுக்கு என்றால் சிலிகான் கப் அல்லது கைப்பம்ப் வைத்த பிளாஸ்டிக் கப். முதல் முறை செய்பவர்களுக்குச் சிலிகானைத்தான் சொல்வேன், கையால் அமுக்கி விடுவதால் அளவுக்கு மேல் இறுக்குவது கஷ்டம். பம்பில் இரண்டு இழுப்பு கூடிப்போனால் தெரியவே தெரியாது. இடுப்புக்கு 4 முதல் 6 சென்டிமீட்டர் வாயகலம் உள்ள கப் சரியாக இருக்கும். ஒருவர் கப்பை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டில் உலர் கப்பிங்: படிப்படியாக

ஒரு ஆள் துணை வேண்டும். உங்கள் இடுப்பில் நீங்களே வைக்க முயன்றால் உடம்பை முறுக்க வேண்டிவரும், வலி இருக்கும் இடுப்புக்கு அது தேவையா? துணைக்கு வருபவர் இதை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு வரட்டும்.

1. கப்பைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். வெறும் வயிற்றிலோ வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயோ தொடங்காதீர்கள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். முதுகில் முடி அதிகம் இருந்தால் கப் ஒட்டாது, கத்தரியால் குறைத்துக்கொள்ளலாம், சவரம் செய்த கையோடு மட்டும் வைக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும்.

2. குப்புறப் படுத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை. அது இல்லாமல் படுத்தால் இடுப்பு வளைந்து இறுகும், இறுகிய தசையில் கப் வைத்தால் இழுப்பு இன்னும் கடுமையாகத் தெரியும். குப்புறப் படுக்கவே முடியவில்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் பக்கத்துக்கு மட்டும் வைக்கலாம்.

3. இடம் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டை விரல்களை நடுவில் கொண்டுவந்தால் அவை சேருமிடம் ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்பு. நடுவில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும் எலும்பின் மேல் கப் வைக்கக் கூடாது. அதிலிருந்து பக்கவாட்டில் இரண்டு விரற்கடை தள்ளினால், இரு பக்கமும் கயிறு போல நீளமாக ஓடும் தசை தட்டுப்படும். அதன் மேல்தான். மேலே கடைசி விலாவைத் தாண்ட வேண்டாம். பிட்டத்தின் மேல்பக்கச் சதையிலும் வைக்கலாம், இடுப்பு வலிக்காரர்கள் பலருக்கு அங்கேயும் இறுகியிருக்கும். மச்சம், பரு, காயம், புடைத்த நரம்பு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

4. மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள், கப் ஒட்டவும் எடுக்கும்போது தோல் இழுபடாமல் இருக்கவும்.

5. முதல் தடவை இரண்டே கப், பக்கத்துக்கு ஒன்று. சிலிகான் கப்பைப் பாதி அமுக்கித் தோலில் வைத்து விடுங்கள். பம்ப் என்றால் ஒன்று அல்லது இரண்டு இழுப்பு. தோல் கப்புக்குள் லேசாக மேடிட்டால் போதும். "இழுக்கிறது, ஆனால் தாங்கலாம்" என்று படுத்திருப்பவர் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் அதிகம் என்று அர்த்தம், உடனே குறையுங்கள்.

6. முதல் முறை 3 நிமிடம். கைபேசியில் அலாரம் வையுங்கள், மனக்கணக்கு வேண்டாம். அடுத்த தடவைகளில் 5 நிமிடம், பிறகு அதிகபட்சம் 10. அதற்கு மேல் வைப்பதால் கூடுதல் பலன் என்று எதுவும் நிரூபணமாகவில்லை, கொப்புளம் வரும் வாய்ப்பு மட்டும் கூடுகிறது. எரிந்தாலோ, ஊசி குத்தினாலோ, காலில் மரத்தாலோ நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். துணைக்கு இருப்பவர் அறையை விட்டுப் போகக் கூடாது. படுத்திருப்பவர் தூங்கிவிடவும் கூடாது.

7. எடுக்கும்போது பிடுங்காதீர்கள். கப்பின் விளிம்புக்குப் பக்கத்தில் விரலால் தோலை அமுக்கினால் காற்று புகுந்து தானாக விடும், பம்ப் கப்பில் மேலே உள்ள வால்வைத் தூக்கினால் போதும்.

8. உடனே எழாதீர்கள். இரண்டு நிமிடம் படுத்து, ஒருக்களித்து, கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். சிலருக்குத் தலை சுற்றி வியர்த்துக் கொட்டும். அப்படியானால் கப்பை எல்லாம் எடுத்துவிட்டு மல்லாந்து படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள், சில நிமிடங்களில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

நகரும் கப்பிங் செய்வதானால் எண்ணெய் தாராளமாக, உறிஞ்சல் இன்னும் குறைவாக. தசையின் நீளவாக்கில் மெதுவாக மேலும் கீழும், ஒரு பக்கத்துக்கு 2, 3 நிமிடம். எலும்பைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

ரத்தம் எடுக்கும் கப்பிங்: போவதானால் கேட்க வேண்டியவை

இதை வீட்டில் செய்யவே கூடாது, பழகிய கை என்றாலும். இடுப்பு வலிக்கு உலர் கப்பை விட இது மேல் என்று சொல்ல உறுதியான சான்றும் இல்லை. நான் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. ஆனாலும் மத நம்பிக்கையால், பழக்கத்தால் போகிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் பத்திரமாகப் போய் வரட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிளேடு உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும், வேலை முடிந்ததும் கூர்பொருள் போடும் பெட்டிக்குள் போக வேண்டும். கப்பும் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிவதாக இருக்க வேண்டும், கழுவி அடுத்தவருக்கு வைக்கிறார்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கையுறை, தோலைக் கிருமிநாசினியால் துடைப்பது, பிறகு சுத்தமான கட்டு, இதில் எதுவும் விலக்கில்லை. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் ரத்தத்தால் பரவுபவை, கேட்கக் கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், என்ன நோய் இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்கச் சொல்பவரிடம் படுக்காதீர்கள். அடிக்கடி போனால் ரத்தசோகை வரும், அப்படி வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

அந்த இரண்டு நாள்

கப் எடுத்த இடம் கொஞ்சம் சூடாக, தொட்டால் வலிக்கிற மாதிரி, அரிப்பாக இருக்கலாம். அன்று கொதிக்கும் வெந்நீர், நீராவிக் குளியல், கறை மேல் அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். அவ்வளவுதான் பத்தியம். மீதி நேரமெல்லாம் நடமாடுவதற்கு.

இடுப்பு வலி நாள்பட்டுப் போகும்போது நாம் குனிய, திரும்ப, தூக்கப் பயப்படத் தொடங்குகிறோம். பயந்து அசையாமல் வைத்திருக்கும் தசை வலுவிழக்கிறது, வலுவிழந்தது இன்னும் சீக்கிரம் வலிக்கிறது. வலி இளகிய அந்தச் சில மணி நேரம்தான் இந்தச் சுற்றை உடைக்கத் தோதான நேரம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சிக்கு முக்கிய இடம் உண்டு, இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

கப் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பத்து நிமிடம் நடங்கள், சமதரையில், கையை வீசி. அன்று மாலை படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பின் கீழ்ப்பகுதியைத் தரையோடு அழுத்தி விடுவதைப் பத்துத் தடவை. ஒவ்வொரு முழங்காலாக மார்புக்குக் கொண்டுவருவது. கையும் முட்டியும் ஊன்றி, பூனை மாதிரி முதுகைத் தூக்கி, பிறகு தொய்ய விடுவது. மறுநாள் காலையில் இதையே செய்துவிட்டு, மல்லாந்து படுத்துப் பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்கி ஐந்து நொடி நிறுத்துவதையும், கையும் முட்டியும் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசான வலி வந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். காலில் வலி இறங்கினால் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

நடையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து சரியான 701 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வராமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதற்குள் திரும்பியது, மீதிப் பேருக்கு இதைத் தாண்டியும் வரவில்லை) 208 நாள், அப்படி எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பதுதான் அவர்கள் எட்டப் பார்த்த இலக்கு. கப்பிங்கில் இப்படி ஒரு கணக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

வாரம் ஒரு தடவை போதும், பழைய கறை மறையாத இடத்தில் மறுபடி வைக்க வேண்டாம். தொடங்கும் முன்பே ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், வலியால் செய்ய முடியாத ஒரு வேலை (எனக்குச் செருப்பு மாட்டுவது), எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது. ஒவ்வொரு முறையும் கப் வைத்த அன்றைக்கு எழுதாமல் ஆறாம் நாள் எழுதுங்கள், அன்றைய சுகம் எல்லோருக்கும் இருக்கும், ஆறாம் நாள் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

நாலு முதல் ஆறு வாரம் பார்த்த பிறகு வலி மதிப்பெண் குறைந்தபட்சம் இரண்டு இறங்கியிருக்க வேண்டும், அதற்குக் குறைவான வித்தியாசத்தை நோயாளிகள் முன்னேற்றமாகவே உணர்வதில்லை என்று வலி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குறையவில்லை என்றால் கப்பை விட்டுவிடுங்கள், இன்னும் பத்துத் தடவைக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். குறைந்திருந்தால் கப்பை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, நடையையும் பயிற்சியையும் அப்படியே தொடருங்கள், எண் ஏறவில்லை என்றால் கப் தேவையில்லை. எனக்கு மூன்றாம் மாதம் அப்படித்தான் நின்றது. இப்போது எப்போதாவது ரொம்ப இறுகினால் மட்டும் நகரும் கப்பை எடுக்கிறேன்.

கொப்புளம் வந்துவிட்டால்

உடைக்காதீர்கள். சோப்பு நீரால் மெதுவாகக் கழுவி, ஒட்டாத கட்டுத் துணியால் மூடி வையுங்கள், தானாக வற்றும். உடைந்துவிட்டால் தோலைப் பிய்க்காமல் சுத்தமாக மூடி, தினமும் மாற்றுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும், கப் வைத்ததைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த வட்டத்தைப் பார்த்து அவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு வாரம் ஆகியும் கறை மறையவில்லை, அல்லது கப் படாத இடத்திலும் ரத்தக்கட்டு தெரிகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், அதுவரை கப் அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.